எட்டணா இருக்கட்டுமா, போகட்டுமா?

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன், ஏழாவதோ எட்டாவதோ படிப்பான், பிஸ்கட் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையில் இருந்த சில்லறையை எல்லாம் மேசைமேல் கொட்டினான். கடைக்காரர் ஒற்றை விரலால் ஒவ்வொரு காசாகத் தன் பக்கம் இழுத்து எண்ணிக்கொண்டே வந்தவர், இரண்டு எட்டணாவை (50 காசு நாணயம்) மட்டும் இழுக்காமல் விட்டுவிட்டார். "இது செல்லாது தம்பி, வேற ஒரு ரூபா குடு." பையனிடம் வேறு இல்லை. "செல்லும்ணா, சட்டப்படி இன்னும் செல்லுது" என்று நான் குறுக்கே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சட்டப்படி செல்லட்டும், இன்னா பண்றது, நான் இதை யார் தலையில கட்டுவேன்? சரக்குப் போடுறவன் வாங்க மாட்டான், வாங்க வர்றவங்க கையில குடுத்தா திருப்பிக் குடுத்துர்றாங்க" என்றார். பையனுக்கு ஒரு ரூபாய் கொடுத்து அந்த இரண்டு எட்டணாவையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. ஒரு காசு சட்டத்தில் செல்வது வேறு, கைக்குக் கை செல்வது வேறு. இந்த இரண்டும் பிரிந்துபோகும்போதுதான் சின்னக் காசுகளை அரசே நிறுத்திவிட்டால் என்ன என்ற கேள்வி எழுகிறது. கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தொல்லை விட்டது என்பார்கள், மீதிப் பேர் விலைவாசி ஏறிவிடும் என்பார்கள். யார் சொல்வது எந்த இடத்தில் சரி என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் அடிப்படை தெரிய வேண்டும், அவ்வளவுதான். பொருளாதாரம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் சட்டம். நோட்டு அடிப்பது ரிசர்வ் வங்கி, நாணயம் அடிப்பது மத்திய அரசு. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நான்கு இடங்களில் நாணயச் சாலைகள் இருக்கின்றன. அங்கே அடித்த காசை ஊர் ஊராக அனுப்பிவைக்கிற வேலை மட்டும்தான் ரிசர்வ் வங்கியுடையது. எந்தக் காசு எவ்வளவுவரை செல்லும் என்பதை 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சொல்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரே தடவையில் 1000 ரூபாய்வரை செல்லும். எட்டணா 10 ரூபாய்வரை, அதாவது 20 நாணயம்வரை செல்லும். நாலணாவும் (25 காசு) அதற்குக் கீழே இருந்தவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதி முதல் செல்லாதவை ஆகிவிட்டன. ஆக, இன்றைக்கு சட்டப்படி உயிரோடு இருக்கிற காசுகளில் எல்லாவற்றுக்கும் சின்னது எட்டணாதான்.

எட்டணா, நாலணா என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதே ஒரு ஆச்சரியம். ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா, 1964-இல் அந்த 'நயா'வும் போய் வெறும் பைசா. ஆனால் பாதி ரூபாய் என்றால் பதினாறில் பாதி எட்டு என்று நம் நாக்கு இன்னும் கணக்குப் போடுகிறது. காசு போனாலும் அதன் பெயர் போகாது போலிருக்கிறது. நம் பக்கத்தில் பணத்துக்கே 'துட்டு' என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் ஒரு சின்னச் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது. தம்பிடி, சல்லி, காலணா எல்லாமே ஒரு காலத்தில் கையில் புழங்கிய காசுகள்தான், இன்று பேச்சில் மட்டும் இருக்கின்றன.

ஆற்காடு என்றால் ரூபாய் நினைவுக்கு வந்த காலமும் ஒன்று இருந்தது. நவாப் காலத்து ஆற்காடு ரூபாய்க்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால் சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் அதே ஆற்காடு பெயரிலேயே ரூபாய் அடித்தார்கள். அதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அது வெள்ளி ரூபாய். அதன் மதிப்பு அதற்குள் இருந்த வெள்ளி. காசு மாற்றித் தரும் சராப்பு கையில் எடுத்து எடை பார்ப்பார், தேய்ந்திருந்தால் வட்டம் (கழிவு) பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார். இன்றைக்கு நம் கையில் இருக்கிற ஒரு ரூபாய் வெறும் எவர்சில்வர். அதன் மதிப்பு அந்த உலோகத்தில் இல்லை, "இது ஒரு ரூபாய்" என்று அரசு கொடுத்த வாக்கில் இருக்கிறது, அந்த வாக்கை அடுத்தவர் நம்பி வாங்கிக்கொள்வதில் இருக்கிறது. எட்டணாவுக்கு முதல் பாதி இன்னும் இருக்கிறது, இரண்டாம் பாதி போய்விட்டது.

சரி, ஒரு காசு எப்போது 'ரொம்பச் சின்னது' ஆகிறது? பெரும்பாலானவர்கள் சொல்கிற முதல் காரணம், அடிக்கிற செலவு அதன் மதிப்பைவிட அதிகமாகிவிட்டது என்பது. 2018-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வெளிவந்த கணக்கின்படி ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1.11 ரூபாய் ஆனது, இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்து ரூபாய்க்கு 3.69, பத்து ரூபாய்க்கு 5.54. பத்து ரூபாய் நாணயத்தில் நாலரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக அரசுக்கு மிச்சம், ஒரு ரூபாயில் 11 காசு நஷ்டம். இதைப் பார்த்ததும் ஒரு ரூபாயை உடனே நிறுத்து என்று எழுதியவர்கள் நிறையப் பேர்.

எனக்கு அந்த வாதம் அவ்வளவு சரியாகப் படவில்லை. காசு என்பது தீப்பெட்டி மாதிரி ஒரு தடவை உரசித் தூக்கிப்போடும் பொருள் இல்லை. ஒரு ரூபாய் நாணயம் 20 வருடம் உழைக்கிறது, வாரம் ஒரு தடவை கைமாறுகிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஆயிரம் தடவைக்கு மேல் வேலை செய்கிறது. 111 காசை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மலிவாக ஒரு வியாபாரத்தை முடித்துவைக்கிற பொருள் வேறு எது இருக்கிறது? அடிக்கிற செலவு நிஜமாகவே ஆபத்தாவது, காசை உருக்கினால் அதன் மதிப்பைவிட அதிகமாகக் கிடைக்கும் என்ற நிலை வரும்போது. நம் நாட்டுச் சில்லறையை எல்லை தாண்டிக் கொண்டுபோய் உருக்கி ஷேவிங் பிளேடு செய்கிறார்கள் என்று 2007 வாக்கில் செய்திகள் வந்தன. உலோகத்தை மாற்றி, எடையைக் குறைத்துத்தான் அதற்குப் பரிகாரம் தேட முடியும்.

அப்படியானால் காசை நிறுத்த நியாயமான காரணம் எது என்றால், அது சுற்றுவதை நிறுத்திவிட்டதா என்பதுதான். கடையிலிருந்து நம் கைக்கு வருகிறது, வீட்டு டப்பாவுக்குப் போகிறது, அப்புறம் வெளியே வருவதே இல்லை. கடைக்காரருக்கு மறுபடி சில்லறை வேண்டும், அரசு மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் டப்பாவுக்குப் போகும். ஆயிரம் தடவை உழைக்க வேண்டிய காசு ஒரே தடவை உழைத்தால் அதன் செலவு முழுவதும் அந்த ஒரு தடவையின்மேல் விழுகிறது. அமெரிக்காவில் பென்னி என்கிற ஒரு சென்ட் காசுக்கு நடந்தது இதுதான். 2024 நிதியாண்டில் ஒரு பென்னி அடிக்க 3.69 சென்ட் செலவானது. கோடிக் கணக்கில் அடித்தவை ஜாடியிலும் காரிலும் சோபா இடுக்கிலும் கிடந்தன. 2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியாவில் கடைசிப் பென்னியை அடித்து நிறுத்திவிட்டார்கள். இருக்கிற பென்னிகள் இன்னும் செல்லும், புதிதாக வராது.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிப்பதை நிறுத்துவது வேறு, செல்லாது என்று அறிவிப்பது வேறு. முதலாவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, காசு தானாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டாவதில் தேதி தெரியாதவருக்கு நஷ்டம். நாலணாவுக்கு நம் நாட்டில் நடந்தது இரண்டாவது.

எங்கள் அத்தை குடியாத்தத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் மொறம், பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா. கடைக்குப் போய்வந்தால் மிச்சம் வரும் நாலணா எல்லாம் அந்த டப்பாவில் விழும். தீபாவளிக்கு எடுக்கலாம், யாராவது பிள்ளைகள் வந்தால் கொடுக்கலாம் என்று. 2011 ஜூலையிலோ ஆகஸ்டிலோ நான் போனபோது டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். 312 நாலணா, 78 ரூபாய். ஒரு நாள் பீடிக் கூலிக்குக் கிட்டத்தட்ட சமம். ஜூன் 29-ஆம் தேதிவரை வங்கிகளில் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள், அரசு அறிவிப்பு அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே வந்துவிட்டது, பேப்பரிலும் போட்டார்கள். அத்தை பேப்பர் படிக்கத் தெரியாதவர். பஸ் ஏறிப் போய் ஒரு வங்கியில் கேட்டதற்கு "தேதி முடிஞ்சுபோச்சும்மா" என்று அனுப்பிவிட்டார்களாம். அந்த அதிகாரி விதிப்படிதான் சொன்னார், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாலணாவும் ஒரு கட்டு பீடியில் பிசிறு பார்த்து, நூல் சுற்றி, விரல் நுனி காய்த்துச் சேர்த்தது. அரசு கொடுத்த வாக்கு அவர் கையில் இருந்தபடியே காலாவதி ஆயிற்று. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது என்றால் அது அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான்.

இனி, சின்னக் காசு இல்லாவிட்டால் கடையில் கணக்கு எப்படித் தீரும் என்பதைப் பார்ப்போம். விடை, ரவுண்டு செய்வது. கனடா 2012 மே மாதம் பென்னி அடிப்பதை நிறுத்தியது, 2013 பிப்ரவரி 4 முதல் வங்கிகளுக்குக் கொடுப்பதையும் நிறுத்தியது. கூடவே ஒரு தெளிவான விதியையும் சொன்னது. மொத்த பில்லை அருகில் இருக்கும் ஐந்து சென்ட்டுக்கு ரவுண்டு செய்யுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும், கார்டில் கொடுத்தால் சென்ட் பிசகாமல் வாங்குங்கள் என்று. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் இதே கதை, அங்கே வேலைக்குப் போய்வந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர், கேட்டால் சொல்வார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்து என்று பல நாடுகள் இந்த வழியில் போயிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அப்படித் திரும்ப வாங்கிய ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளை உருக்கித்தான் 2000 சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கங்களைச் செய்தார்கள்.

விதி எளிதாகத் தெரிந்தாலும் 'மொத்த பில்' என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். தக்காளி கிலோ 38 ரூபாய், 350 கிராம், 13.30 ஆகிறது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிலோ 46, 400 கிராம், 18.40. வெங்காயம் கிலோ 34, முக்கால் கிலோ, 25.50. கூட்டினால் 57.20. அருகில் இருக்கும் ரூபாய்க்கு ரவுண்டு செய்தால் 57, உங்களுக்கு 20 காசு லாபம். நாளைக்கு 61.70 வந்தால் 62 கொடுப்பீர்கள், அவருக்கு 30 காசு லாபம். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய நேராகிவிடும். அதே மூன்று காயையும் தனித்தனியாக மேலே ஏற்றினால் 14, 19, 26 என்று 59 ஆகும், ஒன்று எண்பது கூடுதல், அதுவும் தினமும். ஆகவே ரவுண்டு செய்வதால் ஏமாற்றம் வருகிறதா என்பது எங்கே ரவுண்டு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வரி கட்டுவதில் இந்த விதி நமக்கு ஏற்கனவே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆவது பிரிவு வரித் தொகையில் 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்று, குறைந்தால் விட்டுவிடு என்கிறது. ஆனால் கடையில் காசு கொடுக்கும் சாதாரண மனிதனுக்கு அப்படி ஒரு விதியை யாரும் எழுதி ஒட்டவில்லை. அதனால் என்ன நடக்கிறது? எட்டணா மிச்சம் வந்தால் ஒரு மிட்டாய் கையில் வருகிறது. அந்த மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து யாரும் எதுவும் வாங்க முடியாது. அமெரிக்காவிலும் நாடு முழுக்க ஒரே ரவுண்டு விதி வகுக்காமலே பென்னியை நிறுத்தினார்கள், கடைகள் ஆளுக்கொரு விதமாகச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. காசை நிறுத்துவதற்கு முன்னால் விதி வர வேண்டும், பின்னால் வந்தால் அந்த இடைவெளி முழுவதும் வாங்குபவரின் தலையில்.

இப்போது விலை ஏறும் என்கிற பயத்துக்கு வருவோம், அதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. குடியாத்தம் பக்கம் தீப்பெட்டித் தொழிலும் உண்டு, அதனால் இந்த உதாரணம் நமக்கு நன்றாகப் புரியும். தீப்பெட்டி 50 காசிலிருந்து ஒரு ரூபாய் ஆனது 2007-இல். அப்புறம் 14 வருடம் கழித்து, 2021 டிசம்பர் 1 முதல், இரண்டு ரூபாய். ஒவ்வொரு தடவையும் விலை இரட்டிப்பு! நடுவில் மெழுகு, அட்டை, சிவப்புப் பாஸ்பரஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் தீப்பெட்டியை 1.20-க்கு விற்க முடியாது, 20 காசு கிடையாது. மாடிப்படி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புழக்கத்தில் இருக்கும் சின்னக் காசுதான் படியின் உயரம். படி உயரமாக உயரமாக, விலை ரொம்ப நாள் ஒரே இடத்தில் நின்று, அப்புறம் ஒரே தாவாகத் தாவும். நிற்கிற காலத்தில் உள்ளே இருக்கும் சரக்கு குறையும், ஒரு ரூபாய் ஷாம்புவும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் விலை மாறாமல் எடையில் மெலிந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 2018 ஜனவரியில் 3 ரூபாயிலிருந்து நேரே 5 ரூபாய்க்குப் போனதும் கிட்டத்தட்ட இதே மாதிரியான தாவல்தான்.

200 ரூபாய் பில் போடுகிறவருக்கு இந்தப் படி தெரியாது. தாண்டுவது கஷ்டமாக இருப்பது ஒரு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் நடுவில் வாங்கி விற்கிறவர்களுக்கு, தீப்பெட்டி, ஒரு கட்டு கறிவேப்பிலை, இரண்டு முழத்துக்கு மேல் ஒரு கண்ணி பூ என்று வாங்குகிறவர்களுக்கு. அதனால்தான் எட்டணாவையும் ஒரு ரூபாயையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்கிறேன்.

எட்டணாவின் படியை நாம் ஏற்கனவே தாண்டிவிட்டோம். இன்றைக்கு வேலூரில் எட்டணாவுக்கு எதுவும் விற்பதில்லை, ஒன்றரை ரூபாய் என்று யாரும் விலை சொல்வதில்லை. பெட்ரோல் பங்கில் பைசா ஓடினாலும் நாம் கேட்பது 100 ரூபாய்க்கு, 200 ரூபாய்க்கு. 2019-இல் வெளியிட்ட புது வரிசையில் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் இருந்தன, எட்டணா இல்லை. அதைவிட ஒரு சிக்கல், 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாயும் பழைய எட்டணாவும் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒரே அளவு. பார்வை இல்லாதவர்களும், இருட்டில் சில்லறை எண்ணும் கண்டக்டர்களும் இதில் எத்தனை தடவை ஏமாந்திருப்பார்கள்! எட்டணாவை முறையாக, ரவுண்டு விதியோடு, நிறுத்திவிடலாம் என்பதுதான் என் முடிவு.

ஒரு ரூபாய் விஷயம் அப்படி இல்லை. அது இன்னும் சுற்றுகிறது. மொய்க் கவரில் ஒட்டியே வருகிறது, 101, 501 என்று அந்த ஒன்றைச் சேர்க்காமல் நாம் யாருக்கும் மொய் வைப்பதில்லை. அர்ச்சனைத் தட்டில் விழுகிறது. கடைசியில் நம் நெற்றியில் வைப்பதும் அதைத்தான். ஆனால் இவை எல்லாம் போகட்டும், அதை எடுத்துவிட்டால் தீப்பெட்டியும் கறிவேப்பிலையும் அடுத்த படிக்குத் தாவும், அதுதான் என் கவலை. போன்பே, ஜிபே வந்துவிட்டதே, காசு எதற்கு என்று கேட்கிறார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விற்கிற அம்மாக்கள் சிலரிடம் இப்போது க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, உண்மைதான். அந்த அட்டையில் விழும் பணம் பல பேருக்கு மகன் போனுக்குப் போகிறது, அவர்கள் கையில் நிற்பது ரொக்கமும் சில்லறையும்தான்.

அரசு நிறுத்தாமலே மக்கள் ஒரு காசை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது, அது பத்து ரூபாய் நாணயம். பல வடிவங்களில் வந்ததால் இது போலி, அது போலி என்று வதந்தி கிளம்பியது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. அதற்குப் பிறகும் வருடக் கணக்கில் இங்கே டீக்கடையில் நீட்டினால் கையை ஆட்டினார்கள். காட்பாடியில் ரயில் ஏறிப் போய்ச் சென்னையில் இறங்கினால் அதே காசை மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டார்கள். ஒரே சட்டம், இரண்டு மணி நேரப் பயணத்தில் இரண்டு மதிப்பு. அந்தக் காலத்து ஆற்காட்டு சராப்புக் கடையில்கூட வட்டம் பிடித்துக்கொண்டாவது மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அறிக்கை விட்டால் மட்டும் போதாது, கடைக்காரர் வாங்கிய காசை மறுநாள் வங்கி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்தால்தான் காசு சுற்றும்.

அதனால் எட்டணாவை நிறுத்துவதாக இருந்தால் எனக்கு வேண்டியவை அதிகம் இல்லை. தேதி குறித்துச் செல்லாது என்று ஆக்க வேண்டாம், கடையில் புழங்குவது நின்றாலும் வங்கியில் எப்போது கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்ளட்டும். பேப்பரில் போடுவதோடு நிற்காமல் ரேஷன் கடையில், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், பீடிக் கம்பெனியில் இலை வாங்க வரிசை நிற்கும் இடத்தில் போய்ச் சொல்லட்டும். முடிந்தால் ரேஷன் கடையிலேயே ஒரு மாதம் வாங்கிக்கொள்ளட்டும், அரிசி வாங்க வராத வீடு நம் பக்கம் எத்தனை இருக்கிறது?

சத்துவாச்சாரிப் பையனிடம் வாங்கிய இரண்டு எட்டணாவும் என் மேசைமேல் இருக்கின்றன. ஒன்றில் இந்திய வரைபடமும் நாடாளுமன்றக் கட்டடமும், இன்னொன்றில் மூடிய கைமுஷ்டி. வீட்டில் பூஜை அலமாரி, தையல் மெஷின் டிராயர், பழைய மணிபர்ஸ் எல்லாவற்றையும் துழாவியதில் இன்னும் 43 கிடைத்தன. நூறு நூறாகப் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்தால் வங்கிகளுக்கு வாங்க எளிது என்பது ரிசர்வ் வங்கியே சொன்ன வழி, அதனால் பக்கத்து வீடுகளிலும் சொல்லிவைத்தேன். மாடி வீட்டு அக்கா ஒரு மஞ்சள் துணியில் முடிந்து 31 காசு கொண்டுவந்து கொடுத்தார், எதிர்வீட்டுத் தாத்தா 13. மொத்தம் 89 ஆகிவிட்டது. இன்னும் பதினொன்று சேர்ந்ததும் போகலாம் என்று இருக்கிறோம்.